‘டாட்ஜி’ என்ற ஆங்கிலச் சொல்: அர்த்தமும் ஆளும் விதமும்

இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் பாய்லர் ‘டாட்ஜி’. பழைய கார் பார்க்கப் போனால் கிளட்ச் ‘டாட்ஜி’. நேற்று ராத்திரி சாப்பிட்ட இறால் ‘டாட்ஜி’, அதனால் இன்று காலை வயிறும் ‘டாட்ஜி’. இறாலை விற்றவரைப் பற்றி விசாரித்தால் அவரும் ‘டாட்ஜி’. மனிதர், இயந்திரம், உணவு, உடம்பு என்று எல்லாவற்றின் மேலும் ஒரே சொல் ஏறி உட்கார்ந்துகொண்டால், பள்ளிக்கூட ஆங்கிலத்தோடு போய் இறங்குபவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும். அகராதியைப் புரட்டினால் நேர்மையில்லாத, சரியாக வேலை செய்யாத, ஆபத்தான என்று மூன்று அர்த்தங்கள் வரிசையாக இருக்கும். மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘நம்பி இறங்க முடியாது’ என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

ஆள் டாட்ஜி என்றால் அவர் பேச்சை நம்பிக் காசைக் கொடுக்க முடியாது. பாய்லர் டாட்ஜி என்றால் ஜனவரிக் குளிரில் அது கைகொடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. முழங்கால் டாட்ஜி என்றால் அதை நம்பி வேகமாகப் படி இறங்க முடியாது.

சந்தேகத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் நிற்கும் சொல் இது. ‘ஃபேக்’ என்று சொன்னால் போலி என்பது உறுதி. ‘புரோக்கன்’ என்று சொன்னால் உடைந்தே போய்விட்டது. டாட்ஜி என்று சொல்பவரிடம் ஆதாரம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொருளும் முழுக்கக் கெட்டிருக்க வேண்டியதில்லை. அடியோடு நின்றுபோன பாய்லரை யாரும் டாட்ஜி என்று சொல்வதில்லை. ஒரு நாள் வெந்நீர் தந்து மறுநாள் கைவிடும் பாய்லர்தான் டாட்ஜி. இந்த இடைநிலையைக் கவனிக்காமல் விட்டால், ஒன்று எதிராளியை வீணாகப் பயமுறுத்துவோம். இல்லாவிட்டால் கடுமையான குற்றச்சாட்டை விளையாட்டாகச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வோம்.

பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கும்தான் இதன் சொந்த ஊர்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டால் புரியும். ஆனால் தாங்களாக எடுத்துப் பேசுவது குறைவு. அங்கே அந்த வேலையை ‘ஸ்கெட்ச்சி’யும் ‘ஷேடி’யும் பார்த்துக்கொள்கின்றன. நம் ஊர் ஆங்கிலத்திலும் இது அவ்வளவாகப் புழங்குவதில்லை. அதனால் லண்டனிலோ சிட்னியிலோ வேலை, படிப்பு என்று போய்ச் சேரும்போதுதான் பலர் இதை முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

உச்சரிப்பு

எழுத்துகள் டி, ஓ, டி, ஜி, ஒய். நடுவில் வரும் டி, ஜி இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. ‘பிரிட்ஜ்’, ‘ஜட்ஜ்’ ஆகியவற்றின் கடைசியில் வருவது. முதல் அசையில் அழுத்தம். உயிரொலி தமிழில் இல்லாத ஒன்று: வாயைக் குவித்து, குறுகலாக, ‘டா’வுக்கும் ‘டொ’வுக்கும் இடையில் சொல்ல வேண்டும். ‘ஹாட்’, ‘டாக்’ ஆகியவற்றை பிரிட்டிஷ்காரர் சொல்லும்போது வரும் அதே ஒலி. தமிழில் ‘டாட்ஜி’ என்று எழுதுவதால் ‘டா’வை நீட்டிவிடக் கூடாது. ‘டோட்ஜி’யும் வேண்டாம்.

நடுவில் உள்ள ஜகரம் தவறிக் ககரமானால் சொல் ‘டாகி’ ஆகிவிடும்; அது குழந்தைகள் நாய்க்குச் சொல்லும் பெயர். ‘டாகி பேக்’ என்பது உணவகத்தில் மிச்சமானதைக் கட்டித் தரும் பை. ‘டாட்ஜி பேக்’ என்பது ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பை. இரண்டையும் குழப்பினால் பாதுகாப்புக்காரர் ஓடி வருவார். ஓசையில் இதோடு சேரும் இன்னொரு சொல் ‘ஸ்டாட்ஜி’. ‘ஸ்டாட்ஜி ஃபுட்’ என்றால் வயிற்றில் கல்லைப் போட்டாற்போல் கனக்கும் சாப்பாடு, கெட்டுப்போனது இல்லை. உருளைக்கிழங்கும் மாவும் நிறைந்த பண்டத்தைச் சமைத்துப் போட்டவரிடம் ‘ஸ்’ விட்டுப்போய் ‘டாட்ஜி’ என்று சொல்லிவிட்டால், சாப்பாட்டில் விஷம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள்

அர்த்தம் இந்தச் சொல்லுக்குள் பாதிதான் இருக்கிறது. மீதியை அது ஒட்டியிருக்கும் பெயர்ச்சொல் தருகிறது. எனவே கேட்டவுடன் ‘எது டாட்ஜி?’ என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

மனிதரோ கொடுக்கல் வாங்கலோ என்றால் நேர்மையின் மேல் சந்தேகம். ‘எ டாட்ஜி பில்டர்’ என்றால் முன்பணம் வாங்கிக்கொண்டு பாதிச் சுவரில் காணாமல் போகக்கூடிய கொத்தனார். ‘எ டாட்ஜி டீல்’ என்றால் கணக்கில் காட்டாத வரவோ கமிஷனோ ஒளிந்திருக்கும் வியாபாரம். ‘டாட்ஜி லேண்ட்லார்ட்’ என்று சொன்னால், டெபாசிட்டைச் சட்டப்படி பாதுகாப்புத் திட்டத்தில் போடாமல் தன் பையிலேயே வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரரை நினைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் வீட்டுக்காரர் பெரும்பாலான தனியார் வாடகைகளில் டெபாசிட்டை வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். ‘எங்கே சேர்த்தீர்கள்?’ என்று கேட்டு மழுப்பலான பதில் வந்தால், ‘தட் சவுண்ட்ஸ் டாட்ஜி’ என்று நண்பரிடம் சொல்வது முற்றிலும் பொருத்தம்.

பொருள் என்றால் இரண்டு வழி பிரியும். ‘டாட்ஜி ஹேண்ட்பேக்ஸ்’, ‘டாட்ஜி டிவிடிஸ்’ என்று விற்பனைச் சரக்கைச் சொன்னால் போலிச் சரக்கு, திருட்டுச் சரக்கு. அயர்லாந்தில் ‘டாட்ஜி பாக்ஸ்’ என்பது தனிப் பெயராகவே நிலைத்துவிட்டது: கட்டணச் சேனல்களை உரிய கட்டணம் கட்டாமல் இறக்கிக் காட்டும் சட்டவிரோத ஸ்ட்ரீமிங் பெட்டி. அங்கே ‘எங்கள் வீட்டு பாக்ஸ் டாட்ஜி’ என்று பழுதைச் சொல்ல நினைத்து வாயெடுத்தால், திருட்டு இணைப்பு வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டதாக அர்த்தமாகிவிடும். பெட்டியில் கோளாறு என்றால் ‘தி பாக்ஸ் இஸ் பிளேயிங் அப்’ என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

இயந்திரம், இணைப்பு, வயரிங் என்றால் நேர்மைக்கு இடமே இல்லை, பழுதுதான். ‘டாட்ஜி வயரிங்’, ‘டாட்ஜி பிரேக்ஸ்’, ‘டாட்ஜி கனெக்ஷன்’. ஆனால் இணைய ‘லிங்க்’ மட்டும் விதிவிலக்கு. ‘டாட்ஜி லிங்க்’ என்றால் திறக்காத லிங்க் இல்லை. திறந்தால் வங்கிக் கணக்கைச் சுரண்டும் லிங்க். ‘டாட்ஜி ஈமெயில்’, ‘டாட்ஜி டெக்ஸ்ட்’ இரண்டும் அதே ரகம். பார்சல் வந்திருக்கிறது, சுங்கக் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் குறுஞ்செய்திக்கு பிரிட்டனில் மக்கள் வாயில் வருவது இதுதான்.

உடம்பு என்றால் முழங்கால், முதுகு, தோள்பட்டை, வயிறு ஆகிய இடங்களில் இது மிகச் சரளம். ‘ஐ ஹேவ் காட் எ டாட்ஜி நீ’ என்றால் அடிக்கடி தொந்தரவு கொடுக்கும் முழங்கால். இதயத்தை ‘டாட்ஜி டிக்கர்’ என்பார்கள். வயதானவர்கள் தங்கள் இதய நோயைச் சிரித்தபடி சொல்லும் முறை அது. நோயாளியைப் பார்த்து நாம் அப்படிச் சொல்வது நாகரிகமில்லை. மருத்துவரிடம் போகும்போது முதல் வாக்கியமாக ‘டாட்ஜி நீ’ என்று தொடங்கலாம், தப்பில்லை. அதோடு நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. எந்த இடத்தில் வலி, எத்தனை நாளாக, வீக்கம் உண்டா, மடக்கும்போதா நீட்டும்போதா என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

உணவு என்றால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்ற பயம். ‘திஸ் மில்க் ஸ்மெல்ஸ் எ பிட் டாட்ஜி’ என்று ஃபிரிட்ஜைத் திறந்தபடி சொல்வது தினசரிப் பேச்சு. ‘டாட்ஜி கறி’ என்பதைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி எவ்வளவு குடித்தோம் என்பதை மறைத்து, மறுநாள் வயிற்றுக்கோளாறுக்கு இந்திய உணவகத்தின் மேல் பழியைப் போடும் பழைய பிரிட்டிஷ் வழக்கம் அதில் ஒளிந்திருக்கிறது. சொல்பவர் பெரும்பாலும் யோசிக்காமல்தான் சொல்வார். கேட்கும் நமக்குச் சுருக்கென்று தைத்தால் அதில் வியப்பில்லை.

இடமும் சூழ்நிலையும் என்றால் ஆபத்து. ‘எ டாட்ஜி ஏரியா’ ராத்திரி தனியாக நடக்கத் தயங்கும் பகுதி. அந்தப் பகுதியிலேயே குடியிருப்பவரிடம் இதைச் சொல்லாதீர்கள்; அவர் வீட்டையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்தே சொன்னதாகும். ‘வி ஹேட் எ ஃபியூ டாட்ஜி மொமென்ட்ஸ்’ என்று கிரிக்கெட்டிலோ மலையேற்றத்திலோ சொன்னால், கைவிட்டுப் போகப் பார்த்த சில கட்டங்கள் இருந்தன, தப்பித்தோம் என்று அர்த்தம். நடுவரின் ‘டாட்ஜி டிசிஷன்’ தவறாக இருக்கலாம் என்று ரசிகர்கள் நினைக்கும் தீர்ப்பு. அவர் காசு வாங்கினார் என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை.

தலைமுடி, மீசை, நடிகர் ஒருவரின் ஸ்காட்லாந்து உச்சரிப்பு இவற்றோடு வந்தால் வெறும் கேலி. ‘டாட்ஜி ஹேர்கட்’ என்றால் பார்க்கச் சகிக்காத கிராப்பு, அவ்வளவுதான்.

நகைச்சுவையோடு வந்தால் விஷயம் கனமாகிறது. ‘டாட்ஜி ஜோக்’ ஆபாசமோ இனவெறுப்போ கலந்தது. அதைவிடக் கனமானது ‘டாட்ஜி அங்கிள்’ போன்ற தொடர். பெண்களிடமோ குழந்தைகளிடமோ நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்ற ஜாடை அதில் உண்டு. கடனைத் திருப்பித் தராத சித்தப்பாவைப் பற்றிப் பேசும்போது இந்தத் தொடரைப் போட்டுவிட்டால் கேட்பவர் வேறெதையோ நினைத்துத் திடுக்கிடுவார். ‘ஹி இஸ் டாட்ஜி வித் மணி’ என்று எந்த விஷயத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

தமிழில் வைத்துப் பார்க்கும் சோதனை

நம் பேச்சில் இதற்கு மிக நெருங்கியது ‘ஒரு மாதிரி’. ‘அந்த ஆளு ஒரு மாதிரி’, ‘வயிறு ஒரு மாதிரியா இருக்கு’, ‘பால்ல ஒரு மாதிரி வாடை வருது’, ‘அந்தத் தெரு ஒரு மாதிரியான தெரு’. நான்கிலும் டாட்ஜியை வைத்தால் அப்படியே பொருந்தும். ஆதாரம் காட்டாமல் சந்தேகத்தை மட்டும் தெரிவிக்கும் அந்த இழுப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

இயந்திரத்துக்கும் மூட்டுக்கும் ‘மக்கர் பண்ணுது’. போலிச் சரக்குக்கும் ஏமாற்றுப் பேர்வழிக்கும் ‘டுபாக்கூர்’, கணக்கு விவகாரத்துக்குக் ‘கோல்மால்’. ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கேட்டவுடன் இந்த நான்கில் எது உட்காருகிறது என்று பாருங்கள், அர்த்தம் பிடிபட்டுவிடும். திருப்பிப் பேசும்போதும் அதே வழிதான், ஒரு எச்சரிக்கையோடு: ‘எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு’ என்பதை மட்டும் டாட்ஜியால் சொல்ல முடியாது. ‘ஐ ஃபீல் எ பிட் டாட்ஜி’ என்றால் உடம்பு சரியில்லை, குமட்டுகிறது என்றுதான் புரிந்துகொள்வார்கள். மனச் சங்கடத்துக்கு ‘ஐ ஃபீல் எ பிட் லோ’, கூச்சத்துக்கு ‘ஐ ஃபீல் ஆக்வர்ட்’.

‘டாட்ஜ் பண்றான்’ என்ற பொறி

தமிழர்கள் இந்தச் சொல்லில் சறுக்குவதற்குப் பெரிய காரணம், ‘டாட்ஜ்’ என்ற வினைச்சொல் ஏற்கெனவே நம்மிடம் இருப்பதுதான். பிடிகொடுக்காமல் நழுவுகிறான், பதில் சொல்லாமல் நாளைக் கடத்துகிறான் என்பதற்கு ‘டாட்ஜ் பண்றான்’ என்கிறோம். அதை வைத்துக்கொண்டு, வேலையைத் தள்ளிப்போடும் சக ஊழியரை ‘ஹி இஸ் டாட்ஜி’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறார்கள். கேட்கும் பிரிட்டிஷ்காரருக்கு அது ‘அவன் மோசடிப் பேர்வழி’ என்று விழும். சோம்பலுக்கும் நழுவலுக்கும் ‘ஹி இஸ் டாட்ஜிங் தி இஷ்யூ’, ‘ஹி கீப்ஸ் புட்டிங் இட் ஆஃப்’, ‘ஹி இஸ் பீயிங் இவேஸிவ்’ என்று போக வேண்டும்.

வரலாற்றில் பார்த்தால் நம் ஊகம் முழுத் தவறும் இல்லை. ‘டாட்ஜ்’ என்ற வினை 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது; அது எங்கிருந்து வந்தது என்பது துலங்கவில்லை. அதிலிருந்து பிறந்த டாட்ஜி 1861-இல் பதிவாகும்போது நழுவுகிற, தந்திரமான என்ற அர்த்தத்தோடுதான் வந்தது. பழுது, ஆபத்து, மட்டம் எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டவை. 1962-இல் ஐடிவி தொலைக்காட்சியின் லண்டன் பல்லேடியம் அரங்க ஞாயிறு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க வந்த நார்மன் வாகன், கட்டைவிரலை மேலே காட்டி ‘ஸ்விங்கிங்’ என்றும் கீழே காட்டி ‘டாட்ஜி’ என்றும் சொல்லிச் சொல்லி அதைத் தன் முத்திரை வசனமாக்கினார். ஒன்று பிரமாதம், மற்றது சொதப்பல். அங்கே நேர்மைக்கேடு, தந்திரம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

(லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் பெயரும் அதே வினையிலிருந்து வந்ததுதான். புரூக்ளினில் இருந்த காலத்தில், டிராம் வண்டிகளுக்கு விலகி ஓட வேண்டிய ஊர்க்காரர்களுக்கு வைத்த பட்டப்பெயர் அது. திருவிழாவில் இடித்து விளையாடும் ‘டாட்ஜம்’ காரும் அப்படியே.)

வாக்கியத்தில் வைக்கும் முறை

பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும், ‘இஸ்’, ‘லுக்ஸ்’, ‘சவுண்ட்ஸ்’, ‘ஸ்மெல்ஸ்’, ‘ஃபீல்ஸ்’ ஆகியவற்றுக்குப் பின்னாலும் வரும். ‘லுக்ஸ் டாட்ஜிலி’ என்று வினையடையாக்குவது பிழை. ‘டாட்ஜிலி’ என்ற வடிவம் இருக்கிறது என்றாலும் அதைத் தேடிப் போய்ப் பயன்படுத்த வேண்டிய இடம் அரிது. ஒப்பிடும்போது கடைசி எழுத்து மாறி ‘டாட்ஜியர்’, ‘டாட்ஜியஸ்ட்’. ‘தி டாட்ஜியஸ்ட் கபாப் ஷாப் இன் டவுன்’ என்பது நண்பர்கள் பாசத்தோடு சொல்லும் பட்டம்கூட.

‘சம்திங்’, ‘எனிதிங்’ வந்தால் அவற்றுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்: ‘தேர் இஸ் சம்திங் டாட்ஜி அபவுட் திஸ் கான்ட்ராக்ட்’. எதைப் பற்றிய சந்தேகம் என்று சொல்ல ‘அபவுட்’. ‘டாட்ஜி இன்’, ‘டாட்ஜி ஆஃப்’ வராது. வேறு அடைகளோடு வரிசையில் நிற்கும்போது கருத்தைச் சொல்லும் அடை என்பதால் இது முன்னால் போய்விடும்: ‘எ டாட்ஜி ஓல்டு ஒயிட் வேன்’. ‘ஓல்டு டாட்ஜி வேன்’ காதில் இடறும். தோற்றத்தை மட்டும் சொல்ல ‘டாட்ஜி-லுக்கிங்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். ‘எ டாட்ஜி-லுக்கிங் பிளோக்’ என்றால் பார்க்கச் சந்தேகமாகத் தெரியும் ஆள். அவர் உண்மையில் நல்லவராக இருக்க இடம் விட்டிருக்கிறோம்.

‘எ பிட்’ என்பதன் எடை

டாட்ஜி தனியாக வருவதைவிட ‘எ பிட் டாட்ஜி’ என்று வருவதுதான் அதிகம். ‘கொஞ்சம்’ என்று நேராக எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவோம். பிரிட்டிஷ் பேச்சில் ‘எ பிட்’ பல சமயம் மரியாதைக்காகப் போடும் மூடுதுணி. பழைய காரைச் சோதித்த மெக்கானிக் ‘தி பிரேக்ஸ் ஆர் எ பிட் டாட்ஜி’ என்றால், அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ‘கொஞ்சம்தானே’ என்று பேரம் பேசித் தொடங்குவது நம்மவர்கள் செய்யும் தவறு. சந்தேகமிருந்தால் ‘இஸ் இட் சேஃப் டு டிரைவ்?’ என்று நேராகக் கேட்டு ஆமாம், இல்லை என்று பதில் வாங்குங்கள்.

கூட்டிச் சொல்ல ‘ரியலி டாட்ஜி’, ‘பிரிட்டி டாட்ஜி’ எங்கும் செல்லும். ‘வெல் டாட்ஜி’ என்பது ‘மிகவும்’ என்ற பொருளில் இளைஞர் பேச்சு. ‘ரைட் டாட்ஜி’ வட இங்கிலாந்தில் கேட்கும். அடுத்தவர் வட்டார வழக்கை எடுத்து மாட்டிக்கொள்வதைவிட ‘ரியலி’யோடு நிற்பது நல்லது. ‘அப்சல்யூட்லி டாட்ஜி’ பொருந்தாது. அது முற்றுப் பொருள் தரும் ‘அப்சல்யூட்லி ஆஃபுல்’ போன்றவற்றோடு சேரும் கூட்டாளி.

எங்கே வாயைக் கட்டுவது

முறையான எழுத்தில் போகும் எதிலும் இதைத் தவிர்த்துவிடுங்கள்: வங்கிக்குப் புகார், வீட்டுக்காரருக்கு நோட்டீஸ், போலீஸ் வாக்குமூலம், ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வு, அலுவலக அறிக்கை. பேச்சுத் தேர்வில் பழைய ஃபோனைப் பற்றிச் சொல்லும்போது ‘தி பேட்டரி வாஸ் எ பிட் டாட்ஜி’ என்றால் குறையில்லை. இயல்பான பேச்சு வழக்கு தெரியும் என்பதைக் காட்டும். எழுத்தில் போகும்போது அர்த்தத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பழுது என்றால் ‘ஃபால்ட்டி’ அல்லது ‘டிஃபெக்டிவ்’. நம்பகமில்லை என்றால் ‘அன்ரிலையபிள்’. சந்தேகம் என்றால் ‘சஸ்பிஷியஸ்’. தரம் போதாது என்றால் ‘சப்ஸ்டாண்டர்ட்’. பாய்லர் விஷயத்தில் வீட்டுக்காரருக்கு ‘தி பாய்லர் இஸ் டாட்ஜி’ என்று எழுதினால் அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். ‘தி பாய்லர் இஸ் ஃபால்ட்டி: நோ ஹாட் வாட்டர் சின்ஸ் மண்டே’ என்றால் பதில் சொல்லியாக வேண்டும்.

அலுவலகச் சாட்டில் ‘விபிஎன் இஸ் எ பிட் டாட்ஜி டுடே’ என்பது சகஜம். ஒரு ஊழியரையோ அவருடைய செலவுக் கணக்கையோ அப்படி எழுதுவது வேறு. சாட் பதிவாகி நிற்கும். பேச்சில் அரைச் சிரிப்போடு சொன்னது எழுத்தில் குற்றச்சாட்டாக நிமிர்ந்து நிற்கும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. பணக்காரர்களின் வெளிநாட்டு ரகசிய நிறுவனங்களை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்கள் வெளியான பின், 2016 ஏப்ரல் 11 அன்று பிரதமர் டேவிட் கேமரூனின் சொந்த நிதி விவகாரம் பற்றிய விவாதத்தில், லேபர் உறுப்பினர் டென்னிஸ் ஸ்கின்னர் அவரை ‘டாட்ஜி டேவ்’ என்றார். அந்த அடைமொழியைத் திரும்பப் பெறும்படி சபாநாயகர் ஜான் பெர்கோ கேட்டார். ஸ்கின்னர் மறுத்து மீண்டும் அதையே சொன்னார். அன்று முழுக்க அவைக்கு வெளியே அனுப்பப்பட்டார். சக உறுப்பினரின் நேர்மையைச் சந்தேகிக்கும் சொல்லுக்கு அந்த அவையில் இடமில்லை.

இன்னொரு புகழ்பெற்ற பயன்பாடு 2003 பிப்ரவரியில். ஈராக்கைப் பற்றி அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரின் அரசு பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்த ஆவணத்தின் பெரும்பகுதி, இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வாளரின் கட்டுரையிலிருந்து, எழுத்துப் பிழைகளோடு சேர்த்து எடுத்தது என்று தெரியவந்தது. அதற்கு ‘டாட்ஜி டோசியர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 2002 செப்டம்பரில் வந்த இன்னொரு ஆவணத்தையும் சிலர் அதே பெயரால் சொல்வார்கள்; அது வேறு. ‘டாட்ஜி’ ஏன் இவ்வளவு வசதியாக உட்கார்ந்தது என்றால், அரைகுறை வேலை என்றும் சொல்லலாம், ஏமாற்று வேலை என்றும் சொல்லலாம். எது என்று சொல்பவர் முடிவெடுக்க வேண்டியதில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு அந்த மங்கல் ஒரு கவசம். அவர்களுக்கு வக்கீல் உண்டு; நமக்கு இல்லை. பெயர் சொல்லி, எழுத்தில், ஒரு தனிமனிதரை இப்படிக் குறிப்பிடுவதைத் தவிர்ப்பதே மேல்.

பங்காளிச் சொற்கள்

‘ஷேடி’ பெரும்பாலும் மனிதருக்கும் வியாபாரத்துக்கும். ‘ஷேடி நீ’ என்று முழங்காலைச் சொல்ல முடியாது. ‘ஃபிஷி’ சூழ்நிலைக்கு: கணக்கு இடிக்கிறது, கதை பொருந்தவில்லை. மீன் சமைத்த வீட்டில் அதைச் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள். ‘ஸ்கெட்ச்சி’ அமெரிக்கருடையது, இப்போது பிரிட்டிஷ் இளைஞர்களிடமும் பரவியிருக்கிறது. ஆனால் ‘தி டீடெய்ல்ஸ் ஆர் ஸ்கெட்ச்சி’ என்றால் விவரம் போதவில்லை என்றுதான் பொருள், மோசடி என்று இல்லை. ‘இஃபி’ டாட்ஜியின் தம்பி போல. பால், வானிலை, திட்டம் எல்லாவற்றுக்கும் செல்லும், குற்றம் சாட்டும் காரம் குறைவு. ஆளைப் புண்படுத்தாமல் சந்தேகத்தைச் சொல்ல ‘ஐ அம் எ பிட் இஃபி அபவுட் இட்’ கைகொடுக்கும். ‘வாங்க்கி’ என்ற ஆங்கிலச் சொல் ஆடும் மேசைக்கால், கோணிய படம் போன்றவற்றுக்கு. ‘ரோப்பி’ மட்டமானது, உடம்பு சரியில்லாதது. ‘பென்ட்’ லஞ்சம் வாங்கும் போலீஸ்காரரைச் சொல்லும். தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தவும் ஒரு காலத்தில் பயன்பட்ட சொல் என்பதால் தொடாமலிருப்பதே உத்தமம். அதே குடும்பத்தில் ‘பென்ட் அஸ் எ நைன் பாப் நோட்’ என்ற மரபுத்தொடர், அடியோடு நேர்மையில்லாதவர் என்ற பொருளில் கேட்கும். ‘பாப்’ என்பது ஷில்லிங்கின் பேச்சுப் பெயர்; பத்து ஷில்லிங் நோட்டு 1970 வரை புழக்கத்தில் இருந்தது, ஒன்பது ஷில்லிங் நோட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை.

ஆஸ்திரேலியாவுக்குப் போனால் டாட்ஜியோடு ‘ஷாங்கி’யும் காதில் விழும். நுகர்வோர் அமைப்பான சாய்ஸ், மோசமான பொருள்களுக்கும் சேவைகளுக்கும் ‘ஷாங்கி’ விருது என்று ஆண்டுதோறும் கொடுக்கிறது. ‘டாட்ஜி டிரேடி’ என்றால் அங்கே ஏமாற்றும் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், கொத்தனார்.

உங்களிடம் யாராவது சொன்னால்

‘தட் வெப்சைட் லுக்ஸ் டாட்ஜி’ என்று ஒருவர் சொன்னால் சிரித்து நகர்ந்துவிடாதீர்கள்; ‘வாட் இஸ் டாட்ஜி அபவுட் இட்?’ என்று கேளுங்கள். சொல் மங்கலானது, கேள்விதான் அதைக் கூர்மையாக்கும். முகவரியில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதா, தொலைபேசி எண் இல்லையா, கார்டு எடுக்காமல் வங்கிப் பரிமாற்றம் மட்டும் கேட்கிறார்களா என்பது அப்போதுதான் வெளியே வரும். வீடு பற்றி, வேலை பற்றி, விசா ஏஜென்ட் பற்றி உள்ளூர் நண்பர் ‘சவுண்ட்ஸ் எ பிட் டாட்ஜி, மேட்’ என்று சொல்லும்போது அது பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்பதன் மரியாதையான வடிவம். காசு அனுப்பும் முன் இரண்டாவது ஆளிடம் காட்டிவிடுங்கள்.